கஷாயமா, பார்மசியா, கிளினிக்கா: எந்த நோவுக்கு எதை நம்பலாம்?

இருமல் வந்தால் இஞ்சியைத் தட்டிப் போடுவதா, பார்மசியில் ஒரு சிரப் வாங்குவதா, நேரே கிளினிக்குக்குப் போய்விடுவதா? பினாங்கில் இந்த மூன்றும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. லிட்டில் இந்தியாவில் சுக்கும் திப்பிலியும் பொட்டலமாகத் தருவார்கள். பார்மசி இல்லாத டாமான் (குடியிருப்புப் பகுதி) குறைவு. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்டில் டாக்டரைப் பார்க்கலாம். வசதி இவ்வளவு இருந்தும் பலர் தேர்ந்தெடுப்பது பழக்கத்தை வைத்துத்தான். "எங்கள் வீட்டில் எப்போதும் கஷாயம்தான்" என்பவர்களும் உண்டு, "அதெல்லாம் எதற்கு, ஒரு மாத்திரை போதும்" என்பவர்களும் உண்டு.

இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். இந்த நோயில் ஆளைக் கெடுப்பது எது? கையில் இருக்கும் மருந்து அந்த இடத்தைத் தொடுகிறதா? விடை நோய்க்கு நோய் மாறும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இருமலும் தொண்டைக் கரகரப்பும்

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆக, கஷாயம், சிரப், டாக்டர் மூன்றில் எதைத் தேர்ந்தாலும் கிடைக்கப்போவது வேதனைக் குறைப்பு மட்டுமே. அதில் தேனுக்கே எங்கள் முதல் ஓட்டு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. இரவு இருமலுக்குச் சிலருக்குத் தேன், சிலருக்கு இருமல் சிரப்புகளில் சேரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மருந்து, மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. பெற்றோர் கொடுத்த மதிப்பெண்ணில் தேன் முதலிடம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோ ஒன்றும் கொடுக்காததைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. தேனையும் அந்த மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது வித்தியாசம் பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பக்க விளைவு குறைந்த ஒன்று அதே வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் கொடுத்த அளவையே வீட்டிலும் பின்பற்றலாம்: 2 முதல் 5 வயதுக்கு அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வயதுக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு. படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரே வேளை. கெட்டியான இனிப்பு தொண்டையில் படிந்து உமிழ்நீரைக் கூட்டுகிறது. இருமலைத் தூண்டும் நரம்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தேனைச் சூடான பானத்தில் கலந்தால் விஷமாகும் என்ற பயம் வேண்டாம். கெலுலூட் (கொட்டாத தேனீ) தேன் வாங்குபவர்கள் கவனிக்க: அது நீர்த்தது, சீக்கிரம் புளிக்கும், ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும். இருமலுக்குச் சோதித்தது கெட்டித் தேனைத்தான்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்க விடாது; கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். கஷாயத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டோமே என்றால், வீட்டு அடுப்பின் கொதிக்கு இந்த வித்துகள் சாவதில்லை.

கஷாயத்துக்கு வருவோம். தோல் சீவிய இஞ்சி கட்டைவிரல் கணு அளவு, மிளகு எட்டுப் பத்து, கற்பூரவள்ளி இலை ஐந்து (பாசாரில் 'பங்குன்-பங்குன்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்). இஞ்சியையும் மிளகையும் நசுக்கி 400 மில்லி தண்ணீரில் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். இலையைக் கடைசி மூன்று நிமிடத்தில் போட்டு மூடி வைத்து இறக்குங்கள். கற்பூரவள்ளியின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால், தைமால் இரண்டும் ஆவியாகப் போகக்கூடியவை. திறந்து வைத்து வற்றக் காய்ச்சினால் வாசம் வீட்டுக்கும் காரம் நமக்கும் என்று ஆகிவிடும். மிளகை அள்ளிப் போடுவது இன்னொரு தவறு. நெஞ்செரிச்சல் கிளம்பும், இரவில் மேலே ஏறும் அமிலமே புதிதாக ஓர் இருமலைக் கொண்டுவரும்.

இதன் பலன் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு சூட்டிலிருந்து. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008இல் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்குத் தொண்டை வலி, குளிர், அசதி உட்பட எல்லாமே தணிந்ததாகத் தோன்றியது. ஆனால் மூக்கில் காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்தபோது மாற்றம் இல்லை. ரசம், சுக்குக் கோப்பி, கஷாயம் எல்லாம் இந்த வகை. நிம்மதி மெய்யானது, ஆனால் நோயின் நாளைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம். 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது.

மஞ்சள் பாலைப் பற்றிய பேச்சில் கணக்கு தப்புகிறது. மிளகு சேர்த்தால் மஞ்சளின் மருந்துச் சத்தான குர்குமின் 20 மடங்கு உடம்பில் ஏறும் என்பதற்கு ஆதாரம் 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு. அதில் ஒருவருக்குக் கொடுத்தது 2 கிராம் குர்குமின், மிளகின் காரச் சத்தான பிப்பெரின் 20 மில்லிகிராம். பிப்பெரின் அளவு இரண்டு சிட்டிகை மிளகிலேயே கிடைத்துவிடும். ஆனால் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். ஒரு தேக்கரண்டி மஞ்சளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. தொண்டைக்கு இதமான சூடான பால் என்று குடியுங்கள், அதற்கு அது நல்லது.

பலர் அலட்சியப்படுத்தும் உப்புத் தண்ணீர்தான் நோயின் நாளையே குறைத்த ஒன்று. எடின்பரோவில் 66 பெரியவர்களிடம் நடந்த சிறு ஆய்வு 2019இல் வெளியானது. உப்பு நீரால் மூக்கைக் கழுவிக் கொப்பளித்தவர்களுக்குச் சளி சராசரியாக 1.9 நாள் முன்னதாகவே விட்டது. உப்பிலிருக்கும் குளோரைடைக் கொண்டு உயிரணுக்கள் வைரஸை எதிர்க்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைச் செய்துகொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 250 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டித் தூளுப்பு. கொப்பளிக்கக் குடிதண்ணீர் போதும். மூக்கில் விடும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை மூக்கில் ஏற்றினால், அரிதாக, மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போகலாம்.

ஆவி பிடிப்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொதிநீர்ப் பாத்திரம் மடியில் கவிழும் ஆபத்துதான் உறுதி. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் சிரப் யாருக்கு? தேனின் சீனி ஆகாத நீரிழிவுக்காரருக்கு, சீனியில்லாத சிரப் என்று கேட்டு வாங்கலாம். ஒரு தேக்கரண்டித் தேனில் சீனி 6 கிராம் அளவுக்கு இருக்கும். டைஃபென்ஹைட்ரமின் கலந்த சிரப் தூக்கம் வரவைக்கும். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பாலம் கடக்கக் கூடாது. புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ உள்ள பெரியவர்களுக்கு அது சிறுநீரை அடைக்கலாம், கண்ணைக் கெடுக்கலாம். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் சிரப்பே கூடாது.

மூச்சு வாங்குவது, பிள்ளையின் விலா உள்ளே இழுப்பது, சளியில் இரத்தம் இருந்தால் அன்றைக்கே டாக்டர். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குக் கஷாயத்தை மாற்றிப் பார்க்காமல் சளியைக் கொடுத்துக் காசநோய்ச் சோதனை செய்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு: இங்கே பாக்கெட்டுக்குத்தான் வெற்றி

இருமலில் சமையலறைக்குக் கிடைத்த இடம் வயிற்றுப்போக்கில் கிடைக்காது. இதில் ஆளைக் கெடுப்பது தண்ணீரும் உப்பும் போவது. அவற்றை எந்த விகிதத்தில் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குடல் சுவரில் ஒரு கடத்தி இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே எடுக்கும். தண்ணீர் அவற்றின் பின்னே போகும். பேதியில் மற்ற வழிகள் அடைபட்டாலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். 1971இல் மேற்கு வங்கத்தில் இருந்த வங்கதேச அகதிகளின் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றியது இதை வைத்துத்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவு ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பார்மசியில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி (போன நீரை ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை) இதை ஒட்டியது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பாக்கெட்டுக்குப் பாக்கெட் தண்ணீரின் அளவு மாறும், சிலவற்றுக்கு 200 மில்லி, சிலவற்றுக்கு 250. "பிள்ளைக்குக் கரிக்கும்" என்று தண்ணீரைக் கூட்டினால் உப்பு போதாது. குறைத்தால் அடர்த்தி ஏறிக் குடலே தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி அதிகமாகும்.

நடு ராத்திரியில் பாக்கெட் இல்லையென்றால் வீட்டில் கலக்கலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தட்டையாக வழித்த 6 தேக்கரண்டிச் சீனி, தட்டையாக வழித்த அரைத் தேக்கரண்டித் தூளுப்பு. தவறு பெரும்பாலும் கரண்டியில்தான் நடக்கும். குவித்து அள்ளினால் உப்பு இரண்டு மடங்காகும். சிறு பிள்ளையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். கல்லுப்புக் கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் அளவு சொல்லவே முடியாது. கலந்ததை நக்கிப் பாருங்கள்: கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பொட்டாசியம் இதில் இல்லை. கூடவே ஒரு வாழைப்பழம் கொடுங்கள்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை நம் பாட்டிமார் கொடுத்தது நல்ல மருத்துவம். மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால், அடர்த்தி ஏறாமல் அந்தக் கடத்திக்கு வேண்டியது கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு, அதே அரைத் தேக்கரண்டி உப்பு, நீர்க்கக் காய்ச்சியது. நம் வெயிலில் ஏழெட்டு மணி நேரத்தில் கெட்டுவிடும். காலையில் வைத்ததை ராத்திரிக்குக் கொடுக்காதீர்கள்.

இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் மிகக் குறைவு. 100 பிளஸ் போன்ற ஐசோடானிக் பானங்கள் வியர்வைக்காகச் செய்தவை. பேதியில் போகும் அளவுக்கு அவற்றில் சோடியம் இல்லை, சீனியோ தேவைக்கு மேல். லேசான வயிற்றுக் கோளாறில் பெரியவர்கள் குடித்தால் ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாக இவற்றை ஊற்றக் கூடாது. கொய்யாக் கொழுந்து, மாதுளை ஓடு, பாலில்லாக் கடுந்தேநீர் ஆகியவற்றின் துவர்ப்பு போகும் தடவையைக் கொஞ்சம் குறைக்கலாம். போன தண்ணீரைத் திருப்பித் தராது. லோபெரமைடு மாத்திரையும் அப்படித்தான். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது, கிருமி உள்ளேயே அடைபடும். கரி மாத்திரை விழுங்கினால் மற்ற மருந்துகளை இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். கரி அவற்றையும் உறிஞ்சிவிடும்.

ஓ.ஆர்.எஸ். எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கண் குழிந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை துவண்டு படுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால் கிளினிக்கைக்கூடத் தாண்டி மருத்துவமனைக்குப் போங்கள்.

காய்ச்சல்: டிங்கி இருக்கும் ஊரில்

ஆயர் ஈத்தாமிலோ பாயான் லெப்பாஸிலோ இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் சந்தேகம் டிங்கியாகத்தான் இருக்க வேண்டும். காய்ச்சலைத் தணிக்கப் பனடோல், அதாவது பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகாமல். ஃப்ளூ மாத்திரை பலவற்றிலும் இதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250 மில்லிகிராமும் உண்டு. பழைய புட்டியின் கணக்கில் புதிய புட்டியை ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஐபுபுரோஃபனும் ஆஸ்பிரினும் வேண்டாம். டிங்கியில் இரத்தக் கசிவைக் கூட்டும்.

பப்பாளி இலைச் சாற்றை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 டிங்கி நோயாளிகளிடம் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். 50 கிராம் பச்சை இலையின் சாறு, நாளுக்கு ஒரு வேளை, மூன்று நாள். குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் அணு) வேகமாக ஏறியது. இந்த முடிவைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. சாறு குடித்தவர்கள் மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையையும் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அளந்தது பிளேட்லெட்டை. டிங்கியில் உயிரைப் பறிப்பதோ பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிந்து இரத்த அழுத்தம் விழுவது. அந்தக் கசிவை நிறுத்தும் இலை எதுவும் இல்லை. நிலவேம்புக் குடிநீருக்கும் நண்டு சூப்புக்கும் இதே பதில்தான். சூப்பால் தண்ணீரும் உப்பும் சேரும், அது நல்லதே.

ஏமாற்றுவது எது தெரியுமா? காய்ச்சல் விடும் நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும், "கஷாயம் கேட்டுவிட்டது" என்று வீடு நிம்மதியடையும். கசிவு தொடங்குவது அதே வேளையில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தானது. அப்போது வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், அசாதாரணமான சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவு. அதனால் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலே கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து நாளுக்குள் டிங்கி வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை பேசும். முழு இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட்டுடன் ஹீமட்டோகிரிட்டையும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கேளுங்கள். அது ஏறினால் இரத்தம் கெட்டியாகிறது, அதாவது கசிவு நடக்கிறது. சாறு கொடுப்பதானால் இந்தச் சோதனைகளோடு சேர்த்துக் கொடுங்கள், அவற்றுக்குப் பதிலாக வேண்டாம்.

பல்வலி, வயிற்று வாயு, மலச்சிக்கல்

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வேலை செய்யும். அதிலிருக்கும் யூஜினால் நரம்பை மரத்துப் போகச் செய்யும். பல் டாக்டரே துத்தநாக ஆக்சைடுடன் கலந்து குழியை அடைக்கப் பயன்படுத்தும் பொருள் அது. ஒரு துளியைச் சில துளி தேங்காயெண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டுக் குழியில் வையுங்கள். நேரே ஊற்றினால் ஈறு வெந்துபோகும். வலி நின்றதும் பல் டாக்டரை மறப்பதுதான் பெரிய தவறு. சீழ் அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பாலிக் பூலாவ் ஜாதிக்காய் நம் ஊரின் பெருமை. வாயுவுக்கு அதன் எண்ணெயை வயிற்றில் தடவலாம், பழ ஊறுகாயைத் தின்னலாம். விதையை உரசிக் குழந்தையைத் தூங்க வைப்பது மட்டும் வேண்டாம். ஒரு விதை அளவு, அதாவது 5 கிராம் தூள் போனால் பெரியவருக்கே மைரிஸ்டிசினால் படபடப்பும் வாந்தியும் மயக்கமும் வரும். வசம்பு இன்னும் மோசம்: அதிலுள்ள பீட்டா-அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே அதை உணவிலிருந்து விலக்கியது. கோடாலித் தைலத்தைப் பெரியவர்கள் நெற்றியில் தடவட்டும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இத்தகைய தைலங்களில் சேரும் மெத்தில் சாலிசிலேட் தூய நிலையில் 5 மில்லி இருந்தாலே 20 ஆஸ்பிரினுக்கு மேல் சமம். ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைக்கு மெந்தாலும் கற்பூரமும் கலந்த தைலம் தடவவும் கூடாது. நம் நாட்டில் பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

மலச்சிக்கலுக்கு முதலில் இசப்கோல், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே தொண்டையிலோ குடலிலோ கட்டியாக நிற்கும். நிலாவரை இரவில் குடித்தால் காலையில் வேலை செய்யும், எப்போதாவது போதும். விளக்கெண்ணெய் குடல் தசையையும் கருப்பையையும் ஒருசேரச் சுருக்கக்கூடியது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள்

இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர் மருந்துத் தைலத்தைத் தினமும் தேய்த்தாலோ, மஞ்சள், இஞ்சி, பூண்டு மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டாலோ இரத்தம் உறையாமல் போகலாம். மிளகின் பிப்பெரின் ஃபெனிட்டாயின், புரோபிரனலால் போன்ற மருந்துகளை இரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்தில் உள்ள மிளகு பயப்பட வேண்டியதில்லை; பயப்பட வேண்டியது பிப்பெரின் சேர்த்த காப்ஸ்யூல்.

கடையில் வாங்கும் பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். அந்த எண் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக் கொடுப்பது, நோய் குணமாகும் என்பதற்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணே இல்லாத மூட்டுவலிப் பொடியோ ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தோ ஒரே நாளில் வலியை எடுத்துவிட்டால் சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்தவை திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எத்தனை நாள், நாளுக்கு எத்தனை கரண்டி என்று சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்க அவருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.